ரந்தம்பே இல்லாத வரைபடம்

ஆங்கில எழுத்துகளை நான் முதல் தடவை படித்தது பாலர் பாடசாலையில். இரண்டாவது தடவை படித்தது 2022 மார்ச் மாதத்தில். நாடு முழுவதும் வலயங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வலயத்துக்கும் ஓர் எழுத்து கொடுக்கப்பட்டிருந்தது. காலையில் எழுந்ததும் உம்மா கேட்கும் முதல் கேள்வி, "இன்டைக்கு எங்கட எழுத்துக்கு எத்தன மணிக்கி?" என்பதுதான். வாப்பா கைத்தொலைபேசியில் அட்டவணையைத் தேடிப் பார்த்துச் சொல்லுவார். மார்ச் 2ஆம் திகதி ஏழரை மணித்தியாலம் மின்சாரம் இல்லை. அதன் பிறகு மின்வெட்டு கூடுவதும் குறைவதுமாக இருந்தது.

எங்கள் வீடு கொழும்பில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில் இருக்கிறது. மின்சாரம் போனால் வெளிச்சம் மட்டும் போவதில்லை. லிப்ட் நின்றுவிடும். கீழிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டரும் நின்றுவிடும். மேல் தாங்கியில் உள்ள நீர் தீர்ந்தால் வுழூச் செய்யவும் தண்ணீர் இல்லை. சமையல் எரிவாயுவும் அந்த நாட்களில் கிடைக்கவில்லை. உம்மா மின்சார அடுப்பில் சோறு வைத்து, பாதி வெந்த நேரத்தில் கரண்ட் போய், அதை மூடிவைத்து மூன்று மணித்தியாலம் காத்திருந்த நாட்களும் உண்டு. ஆறாம் மாடியில் விறகடுப்பு மூட்ட முடியுமா?

நான் தரம் 12. கலைப்பிரிவு. தமிழ், புவியியல், அரசறிவியல் என் பாடங்கள். பாடசாலை விட்டு, பிரத்தியேக வகுப்பும் முடித்து வீட்டுக்கு வந்து, படிக்க உட்காரும் நேரத்துக்கே இருட்டு வந்துவிடும். மெழுகுதிரிக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்தால் வெக்கை, தள்ளி வைத்தால் எழுத்து தெரியாது. விசிறி இல்லாததால் நுளம்பு. புவியியல் அலகுப் பரீட்சையில் எனக்கு 38 புள்ளிகள் கிடைத்தன. சாதாரண தரத்தில் அதே பாடத்துக்கு ஏ எடுத்தவள் நான்.

விடைத்தாளை மேசையில் எறிந்துவிட்டு அழுதேன். "இந்த நாட்டில படிச்சி என்ன கெடைக்கப் போகுது? நான் ஏ.எல். எழுதல்ல" என்றேன். உம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தலையைத் தடவினார். "கொஞ்சம் பொறு மகள். இதுவும் போகும்" என்றார். அப்போது நான் சொன்னதை இங்கே எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

"உங்களுக்கு இதெல்லாம் வெளங்காது உம்மா. நீங்க பரீட்சை எழுதி இருக்கீங்களா?"

உம்மா ஒன்றும் பேசவில்லை. குசினிக்குத் திரும்பிப் போய்விட்டார். உம்மா உயர்தர வகுப்புக்குப் போனவர் என்று எப்போதோ கேட்ட ஞாபகம் எனக்கு இருந்தது. பாதியில் விட்டிருப்பார் என்றே நினைத்திருந்தேன். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

மறுநாள் உம்மா வாப்பாவிடம், "வெள்ளிக்கெழம புள்ளைகள ஊருக்குக் கூட்டிக்கொண்டு பொயிட்டு வாறன். ரெண்டு நாளைக்காவது நல்ல காத்துப் படட்டும்" என்றார். எங்கள் ஊர் என்பது உம்மாவின் ஊரான ஹெம்மாத்தகம. மாவனல்லைக்கு அப்பால், மலைகளுக்கு இடையில் இருக்கிறது. தம்பிக்கும் எனக்கும் பெரிய சந்தோஷம். வாப்பா வரவில்லை. எரிவாயு லொறி சனிக்கிழமை வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். வெற்றுச் சிலிண்டரை வரிசையில் வைத்துக் காவல் இருக்க ஓர் ஆள் வேண்டும். "நீங்க பொயிட்டு வாங்க" என்று சொல்லி, ஆறு மாடியும் எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

கோட்டையில் ரயில் ஏறினோம். பஸ் கட்டணத்தை விட ரயில் கட்டணம் குறைவு என்பதால் நிற்கவும் இடமில்லாத கூட்டம். போகும் வழியெல்லாம் எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் வாகனங்களும், மண்ணெண்ணெய்க் கலன்களுடன் மனிதர்களும் நீண்ட வரிசைகளில் நிற்பது ஜன்னலால் தெரிந்தது. பொல்கஹவெலயில் வடக்குப் பாதை பிரிந்து போக, எங்கள் ரயில் ரம்புக்கனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மஃரிப் நேரம் கடந்துவிட்டது. நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ரயில் கடவையைத் தாண்டி பஸ்ஸுக்கு நடந்தோம். ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 19ஆம் திகதி, எரிபொருள் கேட்டு மக்கள் அந்த ரம்புக்கனையில் ரயில் பாதையை மறித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். செய்தியில் அந்த இடத்தைக் கண்டபோது என் கால்கள் அதை அடையாளம் கண்டன. அன்று அது எங்களுக்கு வெறும் ஒரு கடவைதான்.

மாவனல்லை வரை பஸ். அதற்கு மேல் பஸ் இல்லை. ஊருக்குப் போகும் வேறு இருவருடன் சேர்ந்து ஒரு ஓட்டோவில் நெருக்கிக்கொண்டு போனோம். வளைவுகளில் ஏற ஏறக் காற்றுக் குளிர்ந்தது. தம்பி என் மடியில் உறங்கிவிட்டான். வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் நான் கவனித்தேன். ஊரே இருட்டாக இருந்தது.

"இங்கயும் கரண்ட் இல்லையா?" என்று கேட்டேன்.

"கொழும்புக்கு இல்லாத கரண்ட் எங்களுக்கு எங்க இருந்து மகள்?" என்று சிரித்தார் உம்மும்மா. அவர் கையில் குப்பி லாம்பு. என் முகம் வாடியதை அந்த வெளிச்சத்தில் பார்த்திருக்க வேண்டும். "கரண்ட்தானே போயிரிக்கி. கண்ணு போகல்லயே. உள்ளுக்கு வாங்கோ" என்றார்.

முதல்நாள் மெதின் போயா. அதனால் நிலவு முழுதாக இருந்தது. வாசலில் பாய் விரித்து, விறகடுப்பில் சுட்ட ரொட்டியும் கட்டசம்பலும், கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீயும். நிலவில் பாக்குமரங்களின் நிழல் முற்றத்தில் விழுந்து கிடந்தது. கொழும்பில் இருட்டு என்றால் கதவைப் பூட்டுவோம். இங்கே எல்லோரும் கதவைத் திறந்து வெளியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் பேச்சுக் குரல் கேட்டது.

சுபஹ் நேரத்தில் இன்னொரு புதுமை. மின்சாரம் இல்லாததால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. முஅத்தின் தன் சொந்தக் குரலில் பாங்கு சொன்னார். எங்கோ மெல்லியதாக, மலையில் பட்டுத் திரும்பி வந்தது. அதைக் கேட்பதற்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் நான்கு பள்ளிகளின் பாங்கு ஒன்றாகக் கேட்கும். அப்படி ஒரு நாளும் காது கொடுத்ததில்லை.

சனிக்கிழமை பகல் முழுவதும் பலாமரத்தடியில் பாய் போட்டுப் படித்தேன். கிணற்றில் அள்ளிக் குளித்தேன். கொழும்பை மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அது முழு உண்மை ஆகாது. மாமாவுக்குக் கொஞ்சம் தேயிலைக் காணி இருக்கிறது. முந்திய வருடம் இரசாயன உரத்துக்குத் தடை வந்ததிலிருந்து கொழுந்து குறைந்துவிட்டது என்று கணக்குக் கொப்பியைக் காட்டினார். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா தையல் வேலை செய்பவர். அவருடைய மின்சாரத் தையல் இயந்திரத்தின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. "புத்தாண்டுக்குத் தைக்க எவ்வளவு துணி வந்திருக்கு, கரண்ட் வரும் நேரத்துக்கு நான் உறங்குவதா தைப்பதா?" என்று உம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார். உம்மும்மாவின் குப்பி லாம்புக்குக்கூட மண்ணெண்ணெய் தாராளமாக இல்லை. ஒரு சோடாப் போத்தலில் இருந்ததை அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். நாங்கள் தப்பி ஓடி வந்த கஷ்டம் எங்களுக்கு முன்பே இங்கு வந்து சேர்ந்திருந்தது. இங்கே நிலவும், விறகும், கிணறும் அதைக் கொஞ்சம் தாங்கிப் பிடித்தன, அவ்வளவுதான்.

அந்த வார இறுதியில்தான் மாமாவின் பற்றரி வானொலியில் இன்னொரு செய்தியும் வந்தது. காகிதமும் மையும் இல்லாததால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டிருந்தன. பரீட்சை பின்போடப்பட்டால் துள்ளிக் குதிப்பவள் நான். அன்று எனக்குப் பயமாக இருந்தது. வெளிச்சம் இல்லை, இப்போது தாளும் இல்லை. இனி என்ன இல்லாமல் போகும்?

சனிக்கிழமை இரவு. இஷா தொழுதுவிட்டு உம்மும்மா குப்பி லாம்புக்கு எண்ணெய் ஊற்ற அலுமாரியைத் திறந்தார். நான் லாம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடித்தட்டில் பழைய பிடவைகளுக்குக் கீழே பிரவுன் தாள் உறை போட்ட ஒரு கொப்பி இருந்தது. "இது உன்ட உம்மாடது. எறிய மனம் வரல்ல" என்று என் கையில் தந்தார்.

புவியியல் கொப்பி. முதல் பக்கத்தில் உம்மாவின் பெயர், "க.பொ.த. உயர்தரம், 1989". நான் பார்த்தறியாத உருண்டைக் கையெழுத்து. கடைப் பட்டியலும் பால் கணக்கும் எழுதும் உம்மாவின் கையெழுத்து இப்போது வேறு மாதிரி. பக்கங்களைத் திருப்பினேன். நடுப் பக்கத்தில் இலங்கை வரைபடம். மகாவலி கங்கை நீல மையில் வளைந்து போகிறது. கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல என்று ஒவ்வோர் இடத்திலும் சின்ன முக்கோணம். மேற்கே களனி கங்கையின் கிளைகளில் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை. பக்கத்தில், "துரித மகாவலித் திட்டத்தின் நோக்கங்கள்: 1. நீர்ப்பாசனம் 2. குடியேற்றம் 3. மின்சாரம்". பக்கத்தின் மூலையில் ஒரு கறுப்புப் பொட்டு. எண்ணெய்ப் புகை படிந்த கறை.

எனக்குக் கிடைத்த 38 புள்ளிகளும் இதே பாடத்தில்தான்.

வாசலில் இருந்த உம்மாவிடம் கொப்பியைக் கொண்டுபோனேன். ஒரு குறையைத்தான் முதலில் சொன்னேன். "உம்மா, இதுல ரந்தம்பே இல்லையே." உம்மா கொப்பியை வாங்கி நிலவில் பிடித்துப் பார்த்தார். "அப்ப ரந்தெனிகல வரைக்கும்தான் மகள் கட்டி முடிச்சிருந்த. ரந்தம்பே அதுக்குப் பொறகு" என்றார். 1990இல்தான் ரந்தம்பே இயங்கத் தொடங்கியது என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். உம்மாவுக்கு அது தன் வயதாகத் தெரிந்திருந்தது.

பிறகு உம்மா தானாகவே பேசினார். 1989. ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சிக் காலம். எங்கள் வீட்டுக்கு அப்போது மின்சாரமே இல்லை. லாம்பு வெளிச்சம்தான். அதையும் ஏற்றக் கூடாது என்று இரவில் துண்டுக் கடிதம் வந்து விழுமாம். வெளிச்சம் தெரிந்தால் ஒரு பக்கத்துக்குப் பயம், வெளியே நடமாடினால் மற்றப் பக்கத்துக்குப் பயம். பாடசாலை பாதி நாள் மூடியிருக்கும். உம்மும்மா ஜன்னலுக்குச் சாக்கு அடித்து, கதவிடுக்கில் துணி செருகி, குப்பி லாம்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக் கொடுப்பாராம். உம்மா தரையில் குப்புறப் படுத்து அந்த வரைபடத்தைக் கீறியிருக்கிறார்.

"நாட்டுக்கே கரண்ட் குடுக்கிற ஆத்த கீறுறன், கட்டிலுக்குக் கீழ லாம்போட" என்று சொல்லி உம்மா சிரித்தார். "காலையில பாதையில பார்க்கக் கூடாததெல்லாம் பார்த்துக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போன." அதற்கு மேல் அதைப் பற்றி அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"பரீட்சை?" என்றேன்.

"எழுதின. நாலு பாடமும் பாஸ். ரெண்டு சி, ரெண்டு எஸ்."

"அப்ப ஏன் கெம்பஸ் போகல்ல?"

உம்மா கொப்பியை மூடினார். "கெம்பஸெல்லாம் மூடிக் கெடந்த. எப்ப திறக்கும் எண்டு ஒருத்தருக்கும் தெரியா. வாப்பா சொன்ன, அடுத்த வருஷம் பார்ப்போம் எண்டு. அவர்ல பிழை இல்ல. அந்தக் காலத்தில பொம்புளப் புள்ளய வெளிய அனுப்ப ஆருக்குத் துணிவு வரும்? அடுத்த வருஷம் வந்திச்சி. ஆனா பார்க்கல்ல."

அவருடைய புள்ளிகள் பல்கலைக்கழகத்துக்குப் போதுமானவையா என்றுகூட யாரும் விசாரித்துப் பார்க்கவில்லையாம். கொப்பி அலுமாரியின் அடித்தட்டுக்குப் போனது. சில வருடங்களுக்குப் பிறகு வீட்டுக்கு மின்சாரம் வந்தது. உம்மா திருமணம் முடித்துக் கொழும்புக்கு வந்தார்.

நான் உம்மாவின் மடியில் தலையை வைத்தேன். "மன்னிச்சிக்கோங்க உம்மா. அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லி இருக்கக் கூடா" என்றேன். உம்மா, "நீ கேட்டது கேள்விதானே. நான் பதில் சொல்லாம இருந்ததுதான் பிழை" என்றார். உள்ளே இருந்து உம்மும்மாவின் குரல்: "பேசினது போதும், லாம்ப அணைங்கோ. எண்ணெய் முடியப் போகுது." நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திரும்பினோம். பையில் ஈரப்பலாக்காய், தேங்காய், மிளகு. எல்லாவற்றுக்கும் கீழே அந்தக் கொப்பி. கட்டடத்துக்குக் கீழே வாப்பா காத்திருந்தார். முகம் வெயிலில் கறுத்துப் போயிருந்தது. எரிவாயு லொறி வரவே இல்லை. இரண்டு நாளும் வரிசையில் நின்றிருக்கிறார். நாங்கள் நிலவில் ரொட்டி சாப்பிட்ட நேரத்தில் அவர் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுச் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாதையோரம் உட்கார்ந்திருந்தார். "ஊர் எப்பிடி?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் தப்பிப் போகவில்லை, எங்களை ஒருவர் தப்ப வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. எங்கள் கட்டடத்தில் போவதற்கு ஓர் ஊர் இல்லாத குடும்பங்களும் இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகள் அந்த வார இறுதியையும் படிக்கட்டில், காற்று வரும் இடம் தேடி உட்கார்ந்து கழித்திருந்தார்கள்.

அதன் பிறகு நான் என் நேரத்தை மாற்றிக்கொண்டேன். இஷா தொழுததும் உறங்கி, சுபஹுக்கு முன்பே எழுந்து, விடியும்வரை ஒரு மெழுகுதிரி, விடிந்தபின் பல்கனி. அதனால் மின்வெட்டு இனிமையாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். டொலர் இல்லாமல் டீசல் வராததும், மழை இல்லாமல் நீர்த்தேக்கங்கள் வற்றியதும் எங்களுடைய பொறுமையால் சரியாகிவிடும் விடயங்கள் அல்ல. பெரியவர்கள் திட்டமிட வேண்டியதை மாணவிகளின் மெழுகுதிரிகள் ஈடுசெய்ய முடியாது. ஆனால், "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று என் படிப்பை நானே அலுமாரியில் வைக்கமாட்டேன். அவ்வளவுதான் என் கையில் இருக்கிறது.

மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. அன்று இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் கொப்பியைப் பார்க்காமல் மகாவலி வரைபடத்தைக் கீறினேன். உம்மாவின் காலத்துக்குப் பிறகு வந்தவற்றையும் சேர்த்தேன். 2012இல் வந்த மேல் கொத்மலை. புத்தளம் கரையில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம். முடித்துவிட்டுப் பெருமையோடு உம்மாவிடம் நீட்டினேன். உம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டு, மெழுகுதிரியைக் கிட்ட இழுத்து, ஆற்றோடு விரலை வைத்துக்கொண்டு போனார். விரல் ரந்தெனிகலவுக்குக் கீழே நின்றது.

"ரந்தம்பே எங்க மகள்?" என்றார்.